மதராஸ் கடற்கரையில் செங்கொடி: கேள்வி பதில்

கேள்வி: தோழர், மெரினா உழைப்பாளர் சிலை இருக்கிற இடத்தில்தான் இந்தியாவின் முதல் மே தினம் நடந்ததா?

சிலையை இதில் சேர்க்க வேண்டாம். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த அந்தச் சிலை 1959இல்தான் வந்தது. மே தினம் 1923. அன்று மதராஸில் இரண்டு கூட்டங்கள்: ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையில், மற்றொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். ஏற்பாடு செய்தவர் ம. சிங்காரவேலர். மீனவக் குடும்பத்தில் பிறந்த வக்கீல், அப்போது வயது 63. வீட்டிலிருந்த சிவப்புச் சேலையைக் கிழித்துக் கொடியாக்கினார் என்று ஒரு செவிவழிக் கதையும் உண்டு. மே தினத்தை விடுமுறையாக்கக் கோரியதும் அன்றுதான்.

கேள்வி: ஐயா, எங்கள் தாத்தா பின்னி மில் தொழிலாளி. பெரம்பூரில் சங்கம் கட்டியதே கம்யூனிஸ்டுகள்தான் என்பார். சரியா?

தாத்தா கோபித்துக்கொள்ளக் கூடாது, இல்லை. மெட்ராஸ் லேபர் யூனியன் 1918 ஏப்ரலில் தொடங்கிவிட்டது. மில் பக்கம் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முன்கை எடுத்தார்கள். தலைவராக வந்த பி.பி. வாடியா, அன்னி பெசன்ட்டின் தியாசபிக்கல் சொசைட்டி என்ற ஆன்மிக அமைப்பைச் சேர்ந்தவர். திரு.வி.க.வும் கூட இருந்தார். அப்புறம் 1921 வேலைநிறுத்தம். மாதக்கணக்கில் நீடித்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பில் கலவரம், துப்பாக்கிச் சூடு. வேலைநிறுத்தம் தோற்றது. செங்கொடி வரலாறு எழுதுகிறவர்களில் பலர் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். மில்லுக்குள் சாதி எப்படி வேலை செய்தது என்று பார்க்காமல் சங்கத்தைப் பற்றிப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: இந்தியாவில் கம்யூனிஸ்ட் கட்சி பிறந்தது 1920இலா, 1925இலா?

யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது! மார்க்சிஸ்ட் கட்சி 1920, சோவியத் மத்திய ஆசியாவின் தாஷ்கண்ட் நகரில் என்னும். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி 1925 டிசம்பர் கான்பூர் என்னும். கான்பூர் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் நம் சிங்காரவேலர்தான். அதற்கு முந்தைய ஆண்டு கம்யூனிஸ்டுகள் மீது பிரிட்டிஷ் அரசு அதே ஊரில் போட்ட சதி வழக்கில் அவரும் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் பட்டியலில் இருந்தார். உடல்நலமின்மையால் அங்கே கொண்டுபோகப்படவில்லை.

கேள்வி: தடை இருந்தபோது எப்படி வேலை செய்தார்கள்?

1934இல் பிரிட்டிஷ் அரசின் தடை வந்தது. காங்கிரசுக்குள்ளேயே இயங்கிய காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சி என்ற குடைக்குள் நுழைந்தார்கள். பி. ராமமூர்த்தி, ஜீவா எல்லோரும் அந்த வழிதான். 1937இல் கம்யூனிஸ்டுகளின் ஜனசக்தி பத்திரிகை வந்தது. தடை நீங்கியது 1942 ஜூலையில். ஜெர்மனி சோவியத்தைத் தாக்கிய பிறகு இரண்டாம் உலகப் போரை 'மக்கள் யுத்தம்' என்று கட்சி ஏற்றதுதான் காரணம். அடுத்த மாதமே 'வெள்ளையனே வெளியேறு'. காங்கிரஸ்காரர்கள் சிறைக்கு உள்ளே போக, கம்யூனிஸ்டுகள் வெளியே நின்றார்கள். அந்த ஏச்சு இன்றும் மேடைகளில் கேட்கிறது.