அப்பாவின் ராணுவ ஆவணத்தில் விடுபட்டுப்போன மெடல்களை இப்போது சேர்க்க முடியுமா?

கேட்டவர் பாகூர்க்காரர். அப்பா 1971 போரின்போது பட்டாளத்தில் இருந்தவர், வயது எண்பதை நெருங்குகிறது. டிஸ்சார்ஜ் புக்கில், அதாவது பட்டாளத்தை விட்டு வரும்போது தரும் பணிப் புத்தகத்தில், ஒரே ஒரு மெடல்தான் எழுதியிருக்கிறதாம். அவரோ நான்கைந்து இருக்க வேண்டும் என்கிறாராம். இத்தனை வருடம் கழித்துச் சேர்ப்பார்களா என்று கேட்கிறார்.

சேர்ப்பார்கள். என் அப்பாவுக்கு விடுபட்டிருந்தவை நான்கு. மூன்று சேர்ந்துவிட்டன. நான்காவதன் கதை கொஞ்சம் நீளம், அதையும் சொல்கிறேன்.

நாங்கள் கடலூர், திருப்பாப்புலியூர். அப்பா 1968இல் சேர்ந்து 1985இல் ஹவில்தாராகப் பென்ஷனோடு வந்தவர். எந்தப் பிரிவு என்று எழுதவில்லை. நடுவில் கொஞ்சம் குறை சொல்ல வேண்டி வரும், அது அவருக்குப் பிடிக்காது.

எங்கள் வீட்டில் இது தொடங்கியது ஒரு புயலில். 2011 டிசம்பர் 30, தானே புயல். ஓடு பறந்து, அப்பாவின் தகரப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. டிஸ்சார்ஜ் புக் ஊறிப்போய்ப் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக் கிடந்தது. அதை ஒவ்வொரு தாளாகப் பிரித்து மின்விசிறிக் காற்றில் உலர்த்தும்போதுதான் வாழ்க்கையில் முதல்முறையாக அதைப் படித்தேன். மெடல் என்ற இடத்தில் ஒரே வரி: 25ஆவது சுதந்திர ஆண்டு மெடல். அப்பாவிடம் கேட்டால் விரலை மடக்கி ஐந்து எண்ணினார். பட்டாளத்துக்காரர் சொல்லும் கணக்கில் பாதியைக் கழிக்க வேண்டும் என்பது எங்கள் தெருவில் எழுதாத சட்டம். நானும் கழித்துவிட்டேன். அந்தத் தப்பில் எட்டு வருடம் போனது.

2019இல் என் மகளின் பள்ளியில், குடியரசு தினத்துக்கு முன்னாள் ராணுவத்தினரான தாத்தாக்களை மெடல் அணிந்து வரச் சொன்னார்கள். அப்பா மறுத்துவிட்டார். “குடுக்காத மெடலை எப்படிப்பா குத்திக்கிட்டு வர்றது?” கடையில் செட்டாக வாங்கலாம்தான். டெல்லி கன்டோன்மென்ட் கோபிநாத் பஜாரில் எந்த மெடலும் கிடைக்கும், பணியில் இருப்பவர்களே பலர் அப்படித்தான் வாங்கிக் குத்திக்கொள்கிறார்கள். ஆனால் அரசு தரும் மெடலின் விளிம்பில் வீரரின் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். கடை மெடலின் விளிம்பு மொட்டையாக இருக்கும். அந்த மொட்டை விளிம்பை அப்பா தொடமாட்டார்.

நான் செய்த முதல் காரியம் முழு முட்டாள்தனம். டெல்லிக்கு இரண்டு பக்க மனு. நாட்டுக்காகக் குளிரிலும் மழையிலும் என்று தொடங்கி, படித்தால் கண்ணீர் வரும்படி எழுதினேன். அப்பாவின் ராணுவ எண்ணை மட்டும் எழுதவில்லை. பதில் வரவில்லை, எப்படி வரும்?

அப்புறம்தான் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனேன். அங்கே அன்று வேறு வேலையாக வந்திருந்த ஒரு பெரியவர், ராணுவத்திலேயே கிளார்க்காக இருந்து வந்தவர், என் காகிதத்தைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்தார்: “தம்பி, டிஸ்சார்ஜ் புக் ரெக்கார்டே கிடையாது. ரெக்கார்டைப் பார்த்து என்னை மாதிரி ஒருத்தன் அவசரத்துல எழுதினது.”

உங்களுக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். உண்மையான ஆவணத்துக்குப் பெயர் ஷீட் ரோல். அது படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீசில் இருக்கும். சேர்ந்த நாள், மாறுதல், கோர்ஸ், தண்டனை, பதவி உயர்வு, மெடல் எல்லாம் அதில் ஏறும். அதில் ஒரு வரி ஏற வேண்டுமென்றால் யூனிட்டிலிருந்து பார்ட் டூ ஆர்டர் என்ற பதிவு உத்தரவு வெளியாகியிருக்க வேண்டும். கல்யாணமானாலும் குழந்தை பிறந்தாலும் மெடல் கிடைத்தாலும், பட்டாளத்தைப் பொறுத்தவரை பார்ட் டூ ஆர்டரில் வந்தால்தான் அது நடந்ததாகக் கணக்கு. ஆக மெடல் மூன்று இடங்களில் தொலையலாம். ஷீட் ரோலில் இருந்தும் டிஸ்சார்ஜ் புக்கில் எழுதாமல் விட்டிருக்கலாம். இரண்டிலும் எழுதியிருந்தும் மெடல் கைக்கு வராமலே இருந்திருக்கலாம். இல்லையென்றால் பார்ட் டூ ஆர்டரே வெளியாகாமல் போயிருக்கலாம். முதல் இரண்டும் சளிக்காய்ச்சல் மாதிரி. மூன்றாவதுதான் வியாதி. எது என்று தெரியாமல் ‘மெடலைச் சேர்த்துத் தாருங்கள்’ என்று எழுதினால், எழுதிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

எனவே முதல் கடிதத்தில் மெடல் கேட்காதீர்கள். ஷீட் ரோலில் பதிவாகியுள்ள மெடல்களின் விவரத்தையும், எவை வழங்கப்பட்டன, எவை வழங்கப்படவில்லை என்பதையும் மட்டும் கேளுங்கள். கடிதத்தில் அப்பாவே கையெழுத்துப் போட வேண்டும். ராணுவ எண், ரேங்க், பெயர், கடைசி யூனிட், சேர்ந்த தேதி, ஓய்வு பெற்று வந்த தேதி, பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு) எண், கூடவே டிஸ்சார்ஜ் புக் நகல். ஒரே பக்கம், ஆங்கிலத்தில். படிக்கப்போவது வெளிமாநிலத்தில் இருக்கும் ஒரு கிளார்க். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை) என்றால் பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு (தகவல் தொடர்பு) ஜபல்பூர், இ.எம்.இ.க்கு (மின்னணு, இயந்திரப் பொறியியல் பிரிவு) செகந்திராபாத். விமானப்படைக்கு டெல்லி, கடற்படைக்கு மும்பை. நேராகவும் அனுப்பலாம். ஆனால் நல அலுவலகத்தின் முகப்புக் கடிதத்தோடு போனால் அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது.

பாகூரிலிருந்து கடலூர் பக்கம்தான், ஆனாலும் எங்கள் ஊர் அலுவலகத்துக்கு வராதீர்கள். நீங்கள் புதுச்சேரி யூனியன் பிரதேசம். உங்களுக்கென்று தனி முன்னாள் படைவீரர் நலத்துறை இருக்கிறது, அங்கே பதிவு செய்திருந்தால்தான் கடிதம் நகரும்.

சரி, எங்களுக்கு என்ன பதில் வந்தது? ஷீட் ரோலில் மொத்தம் நான்கு இருந்தன. டிஸ்சார்ஜ் புக்கில் இருந்த அந்த ஒன்று போக, சங்கிராம் மெடல், ஜம்மு காஷ்மீர் பட்டையோடு (பணியாற்றிய இடத்தின் பெயர் பொறித்த சிறு தகடு) சைன்ய சேவா மெடல், 9 வருட நீண்ட சேவை மெடல். அப்பா விரல் மடக்கியதில் நான்கு சரி! எட்டு வருடம் அவரை நம்பாமல் இருந்ததற்கு அன்று சாயங்காலம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று போனேன். அவர் டி.வி.யில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார், கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “பூர்வி ஸ்டார் எங்க?” என்றார்.

அந்த மூன்றையும் டிஸ்சார்ஜ் புக்கில் ஏற்றித் தர, மூலப் புத்தகத்தை அனுப்பச் சொன்னார்கள். அனுப்புமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டேன், நீங்களும் எடுங்கள். முத்திரையோடு திரும்பி வந்தது. உங்கள் வீட்டுப் புத்தகம் தொலைந்தே போயிருந்தால் போலீஸ் புகாரும் நோட்டரி பிரமாணப் பத்திரமும் வைத்து நகலுக்கு விண்ணப்பிக்கலாம்.

இப்போது உங்கள் அப்பாவுக்கு என்னென்ன வரலாம் என்பதைத் தேதியை வைத்து நீங்களே ஓரளவு கணிக்கலாம். 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்த எல்லோருக்கும் 25ஆவது ஆண்டு மெடல். 1971 போரில் கிழக்கு முனைக்குப் பூர்வி ஸ்டார், மேற்குக்குப் பஸ்சிமி ஸ்டார். அந்தப் போரையொட்டிய காலத்தில் குறிப்பிட்ட மாநிலங்களில் பணியாற்றியவர்களுக்குச் சங்கிராம் மெடல். 1965க்கு முன்பே சேர்ந்தவரென்றால் சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல் இரண்டையும் கேட்டுப் பாருங்கள். நீண்ட சேவைக்கு 9, 20, 30 வருடங்கள் என்று மூன்று உண்டு. 17 வருடத்தில் வந்தவர் 20 வருட மெடலைக் கேட்டு மனுப் போட்டால் மற்ற நியாயமான கோரிக்கையும் அடிபடும். வீரதீர விருதுகள் வேறு கதை. வீர் சக்ராவோ சேனா மெடலோ, இந்திய அரசிதழில் அறிவிப்பு வந்திருக்கும். அரசிதழில் இல்லாத ஒன்றை ரெக்கார்ட் ஆபீஸ் சேர்க்க முடியாது, அப்பா எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும்.

பூர்வி ஸ்டாருக்கு வருகிறேன். அப்பா 1971 நவம்பரில் அகர்தலாவில் இருந்தார். எல்லையைத் தாண்டி உள்ளே போனார். இதெல்லாம் எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். ஆனால் அப்போது அவர் தன் சொந்த யூனிட்டில் இல்லை, வேறொரு யூனிட்டுக்கு அட்டாச்மென்ட்டில், அதாவது தற்காலிகப் பணிக்கு, போயிருந்தார். போர் முடிந்து மெடலுக்குப் பெயர்ப் பட்டியல் எழுதியபோது சொந்த யூனிட், இவன் நம்மிடம் இல்லை என்று விட்டுவிட்டது. அந்த யூனிட், இவன் நம் ஆளே இல்லை என்று விட்டுவிட்டது. பார்ட் டூ ஆர்டர் வெளியாகவே இல்லை. அட்டாச்மென்ட்டில் போனவர்களின் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், முதலில் இந்த இடத்தைத் தோண்டுங்கள்.

ஆதாரம் எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? பண்ருட்டி அத்தை வீட்டுப் பரணில். அப்பா தன் அம்மாவுக்கு எழுதிய இன்லேண்ட் கடிதங்களை அத்தை நூலில் கட்டி வைத்திருந்தார். அனுப்புநர் முகவரியில் எண், பெயர், அந்த இன்னொரு யூனிட்டின் பெயர், கீழே 99 ஏ.பி.ஓ. ராணுவத் தபாலில் 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. என்று இரண்டு உண்டு, 99 கிழக்குப் பக்கத்துக்கானது. மேலே தபால் முத்திரையில் தேதி. ‘அம்மா, இங்கு நலம், பலா மரம் காய்த்ததா’ என்பதுதான் கடிதத்தில் முக்கால்வாசி. போரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, எழுதவும் கூடாது. ஆனால் அந்த முகவரி போதும். கூடவே, அப்பாவோடு அட்டாச்மென்ட்டில் போன நண்பர் ஒருவர் வேலூர்ப் பக்கத்தில் இருக்கிறார். அவரைத் தேடிப் போய்ப் பிரமாணப் பத்திரம் வாங்கினோம். அவருக்குப் பூர்வி ஸ்டார் கிடைத்திருக்கிறது! அவருடைய டிஸ்சார்ஜ் புக் நகலையும் வைத்தோம். இரண்டு கிழவர்களும் அன்று மூன்று மணி நேரம் பேசினார்கள், அதில் மெடல் பற்றிப் பேசியது ஐந்து நிமிடம் இருக்கும்.

ரெக்கார்ட் ஆபீஸ் பதில் தராமல் இழுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய், 30 நாள், இணையத்திலேயே போடலாம். ஆனால் அதனால் தகவல்தான் கிடைக்கும், திருத்தம் கிடைக்காது. ‘மெடல் தர வேண்டுகிறேன்’ என்று ஆர்.டி.ஐ. போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘இன்ன தேதியில் வந்த விண்ணப்பத்தின் மீது என்ன நடவடிக்கை, கோப்புக் குறிப்புகளின் நகல் தருக’ என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்ட பிறகுதான் எங்கள் கோப்பு ஒரு மேசையில் எவ்வளவு மாதம் தூங்கியது என்று தெரிந்தது. மறுத்து எழுத்துப்பூர்வமாகப் பதில் வந்துவிட்டால் ஆயுதப் படைகள் தீர்ப்பாயம் உண்டு, நம் பக்கத்துக்குச் சென்னைக் கிளை. அதற்குக் கால வரம்பு இருக்கிறது, மறுப்புக் கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு அடுத்த வருடம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

பெயரையும் பாருங்கள். ராணுவத்தில் ஒரு எழுத்துக் கூட்டல், ஆதாரில் வேறொன்று, பென்ஷன் ஆவணத்தில் இன்னொன்று என்பது நம் ஊர்ப் பெயர்களுக்குத் தலையெழுத்து. மெடலின் விளிம்பில் ராணுவ ஆவணத்தில் உள்ளபடிதான் பொறிப்பார்கள், எனவே கடிதத்தில் அதையே எழுதுங்கள்.

இந்த மெடல்களுக்கு மாதாமாதம் பணம் எதுவும் கிடையாது. வீரதீர விருதுகளுக்குத்தான் படி உண்டு. மெடல் ஏறினால் பென்ஷன் ஏறும் என்று சொல்லி ஐயாயிரம் கேட்ட ஒருவரை நான் டீக்கடையில் சந்தித்தேன். உங்களுக்கும் ஒருவர் கிடைப்பார், டீயோடு அனுப்பிவிடுங்கள்.

புதுச்சேரி என்பதால் இன்னொன்று. உங்கள் தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக (சிப்பாயாக) இருந்தவர் என்று கேள்வியின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அவர் ஆவணத்தை இந்திய ரெக்கார்ட் ஆபீஸ்களில் தேடாதீர்கள். பிரெஞ்சு ராணுவத்தினரின் பணி ஆவணங்கள் பிரான்சின் தென்மேற்கில் போ என்ற ஊரில் உள்ள காப்பகத்தில் இருக்கின்றன. அதற்குப் பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் கேளுங்கள். ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்கு மெடலோடு வரும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் வழி தெரியும்.

சங்கிராம் மெடலும் 9 வருட மெடலும் ஒரு சின்ன அட்டைப் பெட்டியில் தபாலில் வந்தன. அப்பா மெடலின் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் படித்து, “நம்பர் சரியா இருக்கு” என்று பெட்டியை மூடினார். பள்ளிக்கு இன்னும் போகவில்லை. பூர்வி ஸ்டாரும் வரட்டும் என்கிறார். போன மாதம்தான் நான்காவது நினைவூட்டலை அனுப்பியிருக்கிறேன், இந்த முறை எண்ணை முதல் வரியிலேயே எழுதி.