போர்வெல் மோட்டார் கேபிளும் பித்தளை அண்டாவும் போனால் இன்சூரன்ஸ் தருமா?

நீடாமங்கலம் பக்கத்துக்காரர், இப்போது சென்னையில் இருக்கிறார். பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டில் கூரை ஓடுகளைப் பிரித்து இறங்கி அண்டா, குத்துவிளக்கு, ஏசியின் செம்புக் குழாய் வரை எடுத்துவிட்டார்களாம், கொல்லையில் போர் மோட்டார் கேபிளையும் அறுத்துவிட்டார்களாம். வங்கிக் கடனோடு எடுத்த வீட்டு இன்சூரன்ஸ் பணம் தருமா, இனி எப்படிப் பாதுகாப்பது என்று கேட்கிறார்.

அந்த பாலிசியில் பெரும்பாலும் கிடைக்காது. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லா கம்பெனியும் விற்கும் பொதுவான வீட்டு பாலிசி 'பாரத் கிருஹ ரக்ஷா'. அது தீ, புயல், வெள்ளம், இடி போன்றவற்றுக்கானது. திருட்டும் அதில் உண்டு, ஆனால் கஜா புயல் மாதிரி இவற்றில் ஒன்று நடந்து, அதனால் வீடு திறந்து கிடந்து, 7 நாளுக்குள் பொருள் போனால் மட்டும்தான். சாதாரண நாளில் திருடன் வந்தால் அது இதில் சேராது. அதற்குக் கொள்ளை பாதுகாப்பு, அதாவது பர்க்ளரி பாலிசி, தனியாக எடுக்க வேண்டும். உங்கள் பாலிசியில் அது சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பர்க்ளரி பாலிசியிலும் ஒரு கண்டிப்பு உண்டு. பூட்டை உடைத்தோ கதவை நெம்பியோ பலாத்காரமாக உள்ளே வந்திருக்க வேண்டும் என்று பாலிசியில் எழுதியிருந்தால் அப்படியே நிரூபிக்கத்தான் வேண்டும் என்று 2004-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. திறந்த கொல்லைக் கதவு வழியாக வந்து எடுத்துப் போனால் பணம் வராது. அதனால் பூட்டு என்பது திருடனைத் தடுக்க மட்டும் அல்ல, நாளைக்கு உங்கள் கிளெய்மைக் காப்பாற்றவும்தான். உங்கள் வீட்டில் ஓட்டைப் பிரித்திருக்கிறார்கள், அது நல்ல ஆதாரம். இழப்பைப் பார்க்க கம்பெனி அனுப்பும் சர்வேயர் வரும்வரை உடைந்த ஓடுகளை எடுத்துப் போடாதீர்கள், மழை வந்தால் மேலே தார்ப்பாய் மட்டும் போடுங்கள், அதற்கு முன் போட்டோ எடுத்துவிடுங்கள். போலீஸில் கொடுக்கும் புகாரிலும் 'பொருள் காணவில்லை' என்று எழுதாமல், ஓட்டைப் பிரித்து நுழைந்தார்கள் என்று தெளிவாக எழுதுங்கள். எஃப்ஐஆர் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும், வாங்கிக்கொள்ளுங்கள்.

வீடு தொடர்ந்து எத்தனை நாள் ஆளில்லாமல் இருக்கலாம் என்ற நிபந்தனையும் இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பூட்டிய வீடு என்பதை மறைக்காமல் எழுத்தில் சொல்லித்தான் எடுக்க வேண்டும், மறைத்தால் பின்னாடி அதையே காரணம் காட்டுவார்கள்.

கேபிள் விஷயம் வேறு. பூட்டிய கட்டடத்துக்கு வெளியே கிடப்பது பொதுவாக பர்க்ளரி பாலிசியில் வராது. அரசு ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனிகளில் விவசாய பம்ப்செட்டுக்கென்றே பாலிசி உண்டு, தீ, இடி, திருட்டு, மோட்டார் பழுது எல்லாம் சேர்த்து. கேபிள் மட்டும் போனால் தருவார்களா, மோட்டாரோடு போனால்தானா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஆனால் நான் முதலில் செலவழிக்கச் சொல்வது பிரீமியத்துக்கு அல்ல, செம்பைக் குறைப்பதற்கு. 4 ஸ்கொயர் எம்எம் மூன்று கோர் (உள்ளே மூன்று கம்பி) கேபிளில் மீட்டருக்கு 100 கிராமுக்கு மேல் செம்பு, 50 மீட்டரில் ஐந்து கிலோவைத் தாண்டும், அதற்குத்தான் வருகிறார்கள். மீட்டர் பெட்டியிலிருந்து போர் வரைக்கும் 10 ஸ்கொயர் எம்எம் அலுமினிய ஆர்மர்டு கேபிள், அதாவது இரும்புக் கவசம் சுற்றிய கேபிள் போட்டு, இரண்டரை அடி ஆழத்தில் வரப்போரமாகப் புதைத்துவிடுங்கள். மின் கடத்தல் குறையாது, எடைக்குப் போட்டால் கிடைக்கும் காசும் கொஞ்சம்தான், தோண்டும் உழைப்புக்குக் கட்டுப்படியாகாது. செம்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் பைமெட்டல் லக், அதாவது இரண்டு உலோகமும் சேர்ந்த இணைப்பு முனை போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்த இணைப்பு சூடாகிக் கருகும். வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு யாரும் மோட்டார் பக்கம் போவதில்லை, அந்த மாதங்களில் பக்கத்து வயல்காரரிடம் சொல்லிவைப்பது எந்தக் கேமராவையும் விட உபயோகம். அறுபட்டுத் தொங்கும் கேபிள் முனையைத் தொடாதீர்கள், மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை வரச் சொல்லுங்கள்.

பாத்திரங்களுக்கு நம் பாட்டிகள் செய்ததே போதும், பெயர் வெட்டிவையுங்கள், போட்டோவும் எடைச் சீட்டும் எடுத்துவையுங்கள். போலீஸ் பழைய இரும்புக் கடையில் பிடித்தால் இது என்னுடையது என்று காட்ட அதுதான் வழி. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு மாதிரி விலையுள்ளதைப் பூட்டிய வீட்டில் வைக்காமல் சொந்தக்காரர் வீட்டுக்கு மாற்றிவிடுங்கள், அது இன்சூரன்ஸைவிடப் பத்திரம்.

கடைசியாக, கம்பெனி மறுத்தாலும் ஒரு மாதம் பதில் தராவிட்டாலும் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. கம்பெனிக்கு முதலில் எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும், மறுத்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.