பி.காம். முடித்துவிட்டு ஃப்ரைட் ஃபார்வார்டிங் கற்றுக்கொள்ள எங்கிருந்து தொடங்குவது?

ஈரோட்டில் பி.காம். முடித்திருக்கிறீர்கள், திருப்பூரில் வேலை தேடும் முன் ஏற்றுமதி கோர்ஸில் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேரலாம், சொற்கள் பழகும். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால், தெரிந்த பனியன் கம்பெனியில் கேட்டு, போய்ச் சேர்ந்துவிட்ட ஒரு சரக்கின் ஃபைலை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை படியுங்கள். நான் திருப்பூரில் ஒரு ஃபார்வார்டர் (ஏற்றுமதியாளருக்காகக் கப்பலிலோ விமானத்திலோ இடம் பிடித்துச் சரக்கை அனுப்பிவைப்பவர்) அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். இந்தத் தொழில் எனக்குப் பிடிபட்டது அப்படிப்பட்ட ஃபைல்களில்தான்.

அதில் பையரின் (வெளிநாட்டில் வாங்குபவரின்) ஆர்டர், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் (கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் ஏற்றுமதி விவரம்), பி.எல். (பில் ஆஃப் லேடிங், சரக்கை ஏற்றிக்கொண்டதற்கான ரசீது) எல்லாம் இருக்கும். ஒரே சரக்கைப் பற்றி ஒவ்வொரு தாளும் வேறு ஒருவரிடம் பேசுகிறது: இன்வாய்ஸ் பையரிடம், ஷிப்பிங் பில் கஸ்டம்ஸிடம், பி.எல். கப்பலிடம். பெட்டி எண்ணிக்கையும் எடையும் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பேனா வைத்து டிக் அடித்துப் பாருங்கள். எல்.சி. (தாள்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக பையரின் வங்கி கொடுக்கும் உறுதி) மூலம் பணம் வரும் சரக்கு என்றால், தாளுக்குத் தாள் முரண்பட்டாலே வங்கி பணத்தை நிறுத்திவைக்கலாம்.

அடுத்தது அளவு. இதில் நான் அடிபட்டிருக்கிறேன். சேர்ந்த முதல் வருடம், தையல் தாமதமானதால் கப்பலில் போக வேண்டிய டி-ஷர்ட்டுகளை விமானத்தில் அனுப்ப ஒரு கம்பெனி ரேட் கேட்டது. 200 பெட்டி, பெட்டிக்கு 11 கிலோ. 2,200 கிலோ என்று கணக்குப் போட்டு உடனே ரேட் கொடுத்துவிட்டேன். எங்கள் சீனியர் பார்த்துவிட்டு, "ஏந் தம்பி, எடை கேட்டியே, பொட்டி அளவு கேட்டியா?" என்றார். கேட்கவில்லை. பெட்டி 60க்கு 40க்கு 40 சென்டிமீட்டர். விமானச் சரக்கில் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 6,000 ஆல் வகுக்க வேண்டும். வருவதையும் உண்மை எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். ஒரு பெட்டிக்கு 16 கிலோ வந்தது, மொத்தம் 3,200. ஆயிரம் கிலோவுக்கான விமானக் கட்டணம் என் கணக்கில் விட்டுப்போயிருந்தது. அன்று சாயங்காலம் அந்த கம்பெனிக்கு நானே போய் உட்கார்ந்து விளக்க வேண்டியிருந்தது.

அதே 200 பெட்டி கப்பலில் என்றால் 19.2 சி.பி.எம். (கன மீட்டர்), ஒரு இருபதடி கன்டெய்னரில் இடம் மிச்சமிருக்கப் போய்விடும். கிரானைட் கல் இதற்கு நேர்மாறு, இடம் தீரும் முன் எடை ஏறிவிடும். எந்தச் சரக்கு இடத்தைத் தின்னும், எது எடையைத் தின்னும் என்று பார்த்ததும் சொல்ல வந்துவிட்டால் பாதித் தொழில் கைக்கு வந்துவிட்டது.

அப்புறம் இன்கோடெர்ம்ஸ், அதாவது விற்பவர், வாங்குபவர் இருவரில் செலவும் ரிஸ்க்கும் எதுவரை யாருடையது என்று சொல்லும் சர்வதேச விதிகள். 2020 பதிப்பில் மொத்தம் 11 இருக்கின்றன. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றும்வரை செலவு நம்முடையது, கப்பல் கட்டணம் பையருடையது), சி.ஐ.எஃப். (கப்பல் கட்டணமும் இன்ஷூரன்ஸும் சேர்ந்த விலை) இரண்டையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சி.ஐ.எஃப். என்றால் சரக்கு பையரின் துறைமுகம் போகும்வரை நம் பொறுப்பு என்று அனுபவசாலிகளே நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கப்பல் கட்டணமும் இன்ஷூரன்ஸும் நாம் கட்டுகிறோம், ஆனால் தூத்துக்குடியில் கப்பலில் ஏறியதும் ரிஸ்க் பையருடையது. யார் பணம் கட்டுகிறார் என்பது ஒரு கேள்வி, நஷ்டம் யாருடையது என்பது வேறு கேள்வி. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுப் பழகுங்கள்.

எஃப்.ஓ.பி.யில் இன்னொன்று உண்டு. ஃபார்வார்டரைப் பெரும்பாலும் பையர்தான் நியமிப்பார். கப்பல் கம்பெனி தரும் மாஸ்டர் பி.எல். அந்த ஃபார்வார்டரின் பெயரில் இருக்கும், ஏற்றுமதியாளர் கைக்கு வருவது ஃபார்வார்டர் எழுதிய ஹவுஸ் பி.எல். பையரிடமிருந்து அந்த ஒரிஜினலை வாங்காமல், அவர் நாட்டில் இருக்கும் ஃபார்வார்டரின் ஏஜென்ட் சரக்கை விட்டுவிட்டால், ஏற்றுமதியாளருக்குப் பணமும் இல்லை, சரக்கும் இல்லை. உங்கள் கையில் இருப்பது எந்த பி.எல்., அதை எழுதியது யார் என்பதை முதல் நாளிலிருந்தே பாருங்கள். நம் ஊரில் கடன் வாங்கித் துணி நெய்து, தைத்து அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இதை யாராவது பொறுமையாகச் சொல்லித்தர வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம்.

கொங்கு நாட்டுக்குக் கடல் கிடையாது. அதனால் ஆபீஸில் மட்டும் உட்கார்ந்திருந்தால் கப்பல் என்பது ஒரு பெயரும் தேதியுமாகவே இருந்துவிடும். வாய்ப்புக் கிடைத்தால் ஃபேக்டரியில் ஸ்டஃபிங் (கன்டெய்னருக்குள் பெட்டி அடுக்குவது) நடக்கும்போது நின்று பாருங்கள், கன்டெய்னர் கதவுக்குப் போடும் சீலின் நம்பரை நீங்களே எழுதுங்கள். கோவை பக்கத்து இருகூர் கன்டெய்னர் டிப்போவை ஒருமுறை பாருங்கள். பிறகு தூத்துக்குடி. லாரி ஏன் கட்-ஆஃப் நேரத்துக்குள் (அந்தக் கப்பலுக்குச் சரக்கு எடுத்துக்கொள்ளும் கடைசி நேரம்) உள்ளே போயாக வேண்டும், அங்கே சின்னக் கப்பலில் ஏறிய கன்டெய்னர் ஏன் கொழும்பில் இறங்கிப் பெரிய கப்பலுக்கு மாறுகிறது என்பதெல்லாம் அங்கே நின்றால் விளங்கும்.

கஸ்டம்ஸில் மற்றவர் சார்பில் சரக்கைக் கிளியர் செய்யும் கஸ்டம்ஸ் புரோக்கர் லைசென்ஸுக்குத் தனித் தேர்வு இருக்கிறது, அது பின்னால். சரி, ஃபைல் கிடைத்ததும் ஷிப்பிங் பில்லில் 6109 என்று தொடங்கும் எண் இருக்கிறதா பாருங்கள். பின்னல் டி-ஷர்ட்டுக்கு அதுதான் எச்.எஸ். கோடு, அதாவது உலகம் முழுக்கக் கஸ்டம்ஸ் சரக்கை வகைப்படுத்தும் எண். அதே ஃபைலில் புரியாத தாள் ஏதாவது இருந்தால், கம்பெனி பெயரையும் விலையையும் மறைத்துவிட்டு இங்கே கேளுங்கள், பதில் எழுதுகிறேன்.