துப்பாக்கி லைசென்ஸும் தற்காப்பும்: கேள்வி பதில்

கேள்வி: சார், அடகுக்கடை வைத்திருக்கிறேன். ரிவால்வருக்குப் போட்ட மனு தள்ளுபடி. பக்கத்துக் கடைக்காரருக்கு மட்டும் இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. இது பாரபட்சம் இல்லையா?

பதில்: சட்டமே இரண்டையும் வேறாகத்தான் பார்க்கிறது. 1959 ஆயுதச் சட்டம் 13(3)ஆம் பிரிவைப் படியுங்கள். குழல் 20 அங்குலத்துக்குக் குறையாமல், உள்ளே வரிப்பள்ளம் இல்லாத துப்பாக்கியைப் பாதுகாப்புக்குக் கேட்டால், போலீஸ் அறிக்கையில் சிக்கல் இல்லாதவரை கொடுப்பதுதான் விதி. ரிவால்வருக்கோ 'தக்க காரணம்' இருப்பதாக அதிகாரிக்குத் திருப்தி வர வேண்டும். "பயமாக இருக்கிறது" என்று எழுதினால் நிற்காது. மிரட்டல் வந்திருந்தால் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்குப் போலீஸ் தருவது), எஃப்.ஐ.ஆர். நகல், பணம் எடுத்துப்போவதைக் காட்டும் வங்கிக் கணக்கு என்று காகிதமாக இணையுங்கள். மறுத்த காரணத்தை எழுத்தில் வாங்கி, 18ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்யுங்கள். மறுத்த காரணத்தைப் படிக்காமலேயே பழைய மனுவை மறுபடி நீட்டுகிறவர்கள்தான் அதிகம். குழல் துளை அளவில் 9 எம்.எம். கேட்காதீர்கள், தடை செய்யப்பட்ட ரகம். .32 கேட்கலாம்.

கேள்வி: அமெரிக்காவில் காரணம் கேட்காமல் கொடுக்கிறார்களே?

பதில்: நியூயார்க்கிலும் நூறாண்டுக்கு மேல் காரணம் கேட்டார்கள். 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அங்கே ஆயுதம் வைத்திருப்பது அரசியல் சாசன உரிமை. இங்கே அப்படி இல்லை, அதனால் அந்தத் தீர்ப்பை மனுவில் காட்டிப் பயனில்லை.

கேள்வி: இடுப்பில் செருகிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகலாமா அண்ணா?

பதில்: வெறுமனே செருகக்கூடாது. 2016 விதிகளின்படி உறையில், உடம்போடு, முழுக்க மறைந்து இருக்க வேண்டும். சந்தோஷத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 2019 திருத்தத்தில் வந்தது இது.

கேள்வி: பிஸ்டலைக் காலி செய்வதில் எங்கே தவறு நடக்கிறது?

பதில்: வரிசையில். மேகசினை (தோட்டா அடுக்கும் கூடு) கழற்றாமல் ஸ்லைடை (மேலே முன்பின் நகரும் பாகம்) இழுத்தால் வெளியே ஒரு தோட்டா விழும், கையை எடுத்ததும் அடுத்தது உள்ளே ஏறிக்கொள்ளும். விழுந்ததைப் பார்த்து 'காலி' என்று நம்பிவிடுவார்கள். மேகசினை மட்டும் எடுத்து நிறுத்துவதும் ஆபத்து, சேம்பரில் (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறை) ஒன்று மிச்சமிருக்கலாம். குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, விரலை டிரிகரில் வைக்காமல், முதலில் மேகசின், பிறகு ஸ்லைடு. ஸ்லைடைப் பின்னால் நிறுத்திவைத்து, சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரல் நுனியாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, தனிப் பூட்டு.

கேள்வி: ராத்திரியில் திருடன் வந்தால் சுடலாம்தானே?

பதில்: லைசென்ஸ் வைத்துக்கொள்ளத்தான். சுட்டது சரியா என்பதை இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் முடிவு செய்யும். சூரியன் மறைந்து உதிக்கும்வரை வீட்டை உடைத்து நுழைந்தால் 41ஆம் பிரிவு உயிர்போகும் அளவு தற்காப்பையும் அனுமதிக்கிறது. ஆனால் 37 அதற்குக் கடிவாளம்: தேவைக்கு மேல் காயப்படுத்தக்கூடாது, போலீஸை நாட நேரமிருந்தால் அந்த உரிமையே இல்லை. சுவரேறி ஓடுகிறவனின் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்றால் நீதிமன்றத்தில் எடுபடுவது கஷ்டம்.

கேள்வி: நைட் ஷிஃப்ட் முடிந்து தனியாக வருகிறேன். லைசென்ஸுக்கு அலைய முடியாது, வேறு வழி?

பதில்: பெப்பர் ஸ்ப்ரே போதும்மா, ஆயுத லைசென்ஸ் தேவையில்லை. பையின் அடியில் கிடந்தால் உதவாது, நடக்கும்போது கையிலேயே இருக்கட்டும். எதிர்க்காற்றில் அடித்தால் உங்கள் கண்ணுக்கே வரும். காலாவதித் தேதி பாருங்கள், அழுத்தம் குறைந்த டப்பா பீய்ச்சாது, வழியும். அடித்ததும் நிற்காமல் வெளிச்சமுள்ள பக்கம் ஓடி, 112ஐ அழையுங்கள்.