ஸ்பாஞ்சா, தண்ணீரா?

குழந்தைகளின் முகத்தில் வண்ணம் பூசிப் புலி முகம் வரைகையில் ஆரஞ்சு கோடு கோடாக வருகிறது, ஸ்பாஞ்சை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்றுங்கள். ஆனால் பாதித் தவறு தண்ணீரில் இருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

நீங்கள் சொன்ன பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் துளைகள் பெரியவை. வண்ணத்தை உள்ளே இழுத்துக்கொண்டு புள்ளி புள்ளியாகத்தான் விடும். துளைகள் நெருக்கமான, அழுத்திவிட்டால் உடனே எழும்புகிற வட்ட ஸ்பாஞ்சு வாங்கி இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். வளைந்த பக்கம் கன்னத்துக்கு, கூர்முனை மூக்கோரத்துக்கு. மேக்கப்புக்கான முக்கோண ஸ்பாஞ்சுத் துண்டுகளும் ஆகும். சிலவற்றில் லேடெக்ஸ் என்ற ரப்பர் இருக்கும், அது சிலருக்கு ஒவ்வாது, உறையைப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் தண்ணீர். ஸ்பாஞ்சை முக்கவே வேண்டாம். விளிம்பில் இரண்டு முறை தெளித்து வண்ணக் கட்டியில் தேயுங்கள். புறங்கையில் ஒற்றிப் பாருங்கள்; குமிழ் வந்தால் தண்ணீர் கூடிவிட்டது. முகத்தில் இழுக்காமல் ஒற்றி ஒற்றி எடுங்கள். முதல் பூச்சு காய்வதற்குள் மேலே போனால் அடியில் இருப்பதும் கிளம்பி வந்துவிடும். நானும் அவசரத்தில் பல புலிகளைக் கெடுத்தவன்தான்.

ஒரே ஸ்பாஞ்சில் பத்துக் குழந்தைகள் என்று எழுதியிருந்தீர்களே, அதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். ஒரு முகத்துக்கு ஒன்று. பாதியாக வெட்டுவதால் எண்ணிக்கையும் கட்டுப்படியாகும். பயன்படுத்தியவற்றை வலைப்பையில் தனியே போட்டு, வீட்டில் சோப்பால் அலசி, உள்வரை காய்ந்த பிறகே டப்பாவில் மூடுங்கள். ஈரத்தோடு மூடினால் நாறிவிடும்.