‘சப்’ என்றால் உதவியாளர் இல்லை அம்மா

வணக்கம் அம்மா. சனிக்கிழமை கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டீர்கள்: “நேவியில முதல்ல சப்-லெப்டினன்ட்தானாமே சார், சப்-னா ஆபீசருக்கு உதவியாளா?” அவசரத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

உதவியாள் இல்லை. அதுவே முழு அதிகாரிப் பதவி. லெப்டினன்ட் என்பது பிரெஞ்சிலிருந்து வந்த சொல். ‘லியூ’ என்றால் இடம், ‘தெனான்’ என்றால் அதை வகிப்பவர். மேலதிகாரி இல்லாதபோது அவர் இடத்தில் நின்று பொறுப்பை ஏற்பவர் லெப்டினன்ட். அதற்கு முந்தைய படி சப்-லெப்டினன்ட். பிரிட்டிஷ் கடற்படையில் ‘மேட்’ என்று இருந்த பதவிக்கு 1861-இல் இந்தப் பெயர் வந்தது. அங்கிருந்துதான் நம் கடற்படைக்கும் வந்தது. அமெரிக்கக் கடற்படையில் முதல் அதிகாரிப் பதவிக்கு ‘என்சைன்’ என்று பெயர், கொடி என்று அர்த்தம்.

உங்கள் அண்ணன் மகன் பரங்கிமலையில் பயிற்சி முடித்து ராணுவ லெப்டினன்ட் ஆனார் என்றீர்களே, அவரும் கடற்படை சப்-லெப்டினன்ட்டும் ஒரே படிதான். தொடக்க அடிப்படைச் சம்பளம் இருவருக்கும் 56,100 ரூபாய். கடற்படையில் லெப்டினன்ட் ஆகிவிட்டால் அது ராணுவக் கேப்டனுக்குச் சமம். பெயரை வைத்து ஒப்பிட்டால் இப்படித்தான் குழம்பும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது விண்ணப்பத்தை. அக்னிவீர் என்று வருவது மாலுமிகளுக்கான 4 ஆண்டுச் சேர்க்கை. சென்னை உத்தண்டியில் உள்ள கடல்சார் பல்கலைக்கழகப் படிப்புகள் வணிகக் கப்பல் வேலைக்கானவை. இரண்டுமே மரியாதையான வழிகள்தான், ஆனால் உங்கள் மகன், நம் தம்பி, ஆசைப்படுவது கடற்படை அதிகாரிப் பதவிக்கு.

அவர் எப்படியும் ஜேஇஇ மெயின் எழுதுகிறார். அந்தத் தரவரிசையை வைத்தே கடற்படையின் பி.டெக். சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் சேர்த்து 70 சதவீதம் வேண்டும். அப்புறம் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்எஸ்பி வாரியத்தின் நேர்காணல், மருத்துவப் பரிசோதனை. தேர்வானால் கண்ணூர் பக்கம் எழிமலை அகாடமியில் 4 ஆண்டுப் படிப்பு, செலவு கடற்படையுடையது. முடித்ததும் சப்-லெப்டினன்ட். இன்னொரு வழியான என்டிஏ (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வையும் சென்னையிலேயே எழுதலாம், விடாதீர்கள்.

தம்பி கண்ணாடி போடுகிறார் இல்லையா? கடற்படையில் பார்வைக்கு வரம்பு உண்டு. அடுத்த வாரம் வருமுன் கண் மருத்துவரிடம் பவரையும் நிறப்பார்வையையும் பார்த்து, அந்தச் சீட்டோடு வாருங்கள்.