டிசம்பரில் பத்து பெரிங்கியில் சூரியன் கடலில் இறங்காது

கேள்வி: கிள்ளானிலிருந்து ஐந்து பேர் சேர்ந்து 15 நிமிடக் குறும்படம் எடுக்கிறோம். டிசம்பரில் பினாங்கில் ஷூட்டிங். கடைசிக் காட்சியில் அப்பாவும் மகளும் கரையில் உட்கார்ந்திருக்க, சூரியன் கடலில் மறைய வேண்டும். பத்து பெரிங்கி சரிவருமா? ட்ரோன் வைத்திருக்கிறோம். ஒளிப்பதிவாளர் சென்னை நண்பர், சுற்றுப்பயணியாக வருகிறார். யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

பதில்: தம்பி, கடற்கரையின் அழகைப் பார்க்கும் முன் அது எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பாருங்கள். பத்து பெரிங்கி வடக்குப் பார்த்த கரை. ஜூனில் சூரியன் மேற்கிலிருந்து வடக்கே ஒதுங்கி மறைவதால் அங்கே கடலில் இறங்குவதைப் பிடித்துவிடலாம். டிசம்பரிலோ ஏறக்குறைய 23 பாகை தெற்கே போய்விடும். அப்போது அது போய் ஒளிவது தெலுக் பஹாங் பக்கத்து மலைக்குப் பின்னால். ஒரு விளம்பரப் படக்குழுவோடு நானே அப்படி மாட்டியிருக்கிறேன். வானம் சிவக்கிறது, சூரியனைக் காணோம். இயக்குநர் என்னைப் பார்த்தார், நான் கடலைப் பார்த்தேன்.

உங்களுக்கு வேண்டியது தீவின் மேற்குக் கரை. பாலேக் பூலாவ் பக்கம் கோலா சுங்கை பினாங், பூலாவ் பெத்தோங் இரண்டையும் நேரில் போய்ப் பாருங்கள். வெண்மணலை எதிர்பார்க்காதீர்கள். சேறும் அலையாத்தி மரங்களும் மீன்பிடிப் படகுகளும் மரப் பலகை போட்ட படகுத்துறையும்தான் இருக்கும். அப்பாவும் மகளும் மணலில்தான் உட்கார வேண்டும் என்று கதை சொல்கிறதா? பலகையில் காலைத் தொங்கப் போட்டு உட்காரட்டுமே. மலாக்கா நீரிணைத் தண்ணீர் கலங்கல்தான். அதை நீலமாக்கப் பாடுபடுவதைவிட இந்த மண்நிறத்தோடு ஒத்துப்போவது நல்லது. பினாங்கு வேறு ஊராக நடித்துப் பழகிய ஊர். 1992-இல் வந்த 'இந்தோசின்' பிரெஞ்சுப் படத்தில் வியட்நாமாக வந்தது, 'இந்தியன் சம்மர்ஸ்' தொடரில் சிம்லாவாகவே வந்தது. ஆனால் அதெல்லாம் பழைய கட்டடங்களும் மலையும் செய்த வேலை.

அடுத்தது ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி இங்கே நீர் சுமார் 2 மீட்டர் ஏறி இறங்கும். ஏற்றம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். ஒரே காட்சியை இரண்டு மாலைகளில் எடுத்தால் இது காட்டிக் கொடுத்துவிடும். படகுத்துறைத் தூணில் சிப்பி ஒட்டியிருக்கும் வரியைக் கவனியுங்கள். முதல் நாள் அது தண்ணீருக்குள் இருக்கும், மறுநாள் அதே நேரத்தில் ஒரு சாண் வெளியே தெரியலாம். ஓத அட்டவணையைப் பார்த்துத் தேதியை முடிவு செய்யுங்கள். முடியாவிட்டால் அண்மைக் காட்சிகளில் தூணைத் தவிர்த்துவிடுங்கள்.

அனுமதி விஷயத்துக்கு வருவோம். மலேசியாவில் படம் தயாரிக்க, தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸின் உரிமமும், ஷூட்டிங் தொடங்கும் முன் அவர்களின் படப்பிடிப்புச் சான்றிதழும் வேண்டும். உரிமம் இல்லையென்றால், உரிமமுள்ள நிறுவனம் ஒன்றின் பெயரில் விண்ணப்பிப்பதே சுலபமான வழி. சென்னை நண்பர் சுற்றுப்பயணியாக வந்து கேமரா பிடிக்கக்கூடாது. வெளிநாட்டுக் கலைஞர், தொழில்நுட்பக் கலைஞர் யாராக இருந்தாலும், வெளிநாட்டவர் இங்கே படமெடுக்கவும் நடிக்கவும் அனுமதி தரும் அரசுக் குழுவான புஸ்பால் வழியாகத்தான் வரவேண்டும். அதை முன்கூட்டியே தொடங்குங்கள். "நண்பர்தானே, சம்பளம் கூட வாங்கவில்லை" என்பதெல்லாம் குடிநுழைவு அதிகாரியிடம் எடுபடாது. பொது இடங்களுக்கு மாநகர் மன்றத்தைக் கேளுங்கள். தேசியப் பூங்காவுக்குள், அதாவது மங்கி பீச், கெராச்சுட் பக்கமெல்லாம், வனவிலங்கு, தேசியப் பூங்கா இலாகா. கெராச்சுட் ஆமைகள் முட்டையிடும் கரை என்பதால் விளக்கு, ஜெனரேட்டர் பற்றிய யோசனையே வேண்டாம்.

ட்ரோனுக்கு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தேவை, வானிலிருந்து படம் எடுப்பதற்கு நில அளவை இலாகாவின் அனுமதி தனி. விமான நிலையம் பாயான் லெப்பாஸில் இருப்பதால் தெலுக் கும்பார் பக்கம் பறக்கவிடவே நினைக்காதீர்கள். உண்மையைச் சொன்னால் உங்கள் காட்சிக்கு ட்ரோன் தேவையில்லை. இரண்டு பேர் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள், மேலே எதற்கு வண்டு மாதிரி ஒன்று இரைய வேண்டும்?

நேரம்: டிசம்பரில் சூரியன் மறைவது 7 மணியை ஒட்டி. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அது கிட்டத்தட்ட நேராக விழும்; மறைந்து 20 நிமிடத்தில் இருட்டு. 4 மணிக்கே போய்ப் படகுக்காரர்களிடம் பேசி, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, எஞ்சின் போடும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வசனக் காட்சிகளை 6 மணிக்குள் முடித்துவிடுங்கள். சூரியன் நீரைத் தொடும் நேரத்துக்கு ஒரே ஒரு அகலக் காட்சிதான், அதில் யாரும் பேச வேண்டாம். அப்போது படகு ஏதும் உறுமிக்கொண்டு போனாலும் படத்துக்கு நல்லதுதான்.